பிறந்த பிள்ளை மெலியுதா? பதறாதீங்க! முதல் 28 நாளில் கவனிக்க வேண்டியவை

தோவாளை:

பூ மார்க்கெட்டுக்கு பெயர் போன தோவாளையில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கி விடும். பூ கட்டும் வீடுகளில் பிரசவம் முடிந்து வந்த பெண்ணையும் பச்சைப் பிள்ளையையும் கவனிப்பது பெரும்பாலும் பாட்டிமார்தான். "பிள்ளை மெலிஞ்சு போச்சே", "உடம்பு மஞ்சளா இருக்கே", "பால் பத்தலியோ" என்று தினம் ஒரு பயம் வரும். இதில் எது சாதாரணம், எது ஆபத்து என்று தெரிந்திருந்தால் வீண் பதற்றம் குறையும். ஒரு உயிரையும் காப்பாற்றலாம்.

குமரி மாவட்டத்தில் 28-ம் நாள் குழந்தைக்கு அரைஞாண் கட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மருத்துவத்திலும் முதல் 28 நாள் வரைதான் 'பச்சிளம் குழந்தை' என்று கணக்கு. ஆபத்து அதிகம் உள்ள நாட்களும் இவைதான். உலக சுகாதார நிறுவன கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்தன. இப்படி நடக்கும் இறப்புகளில் நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே நடக்கிறது.

எடை குறைவது ஏன்?

பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் எடை குறைவது இயற்கை. உடம்பில் கூடுதலாக இருக்கும் நீர் வெளியேறுவதே முக்கிய காரணம். 3 கிலோவில் பிறந்த குழந்தை 200 முதல் 300 கிராம் வரை குறையலாம். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்தபோது இருந்த எடை திரும்பி விடும். அதன் பிறகு தினமும் 20 முதல் 30 கிராம் வரை கூடும்.

பால் போதுமா என்று கண்டுபிடிக்க எளிய வழி, ஈரத்துணியை எண்ணுவது. ஒரு வாரம் ஆன குழந்தை நாளொன்றுக்கு 6 தடவையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். முதலில் கரும்பச்சையாக போகும் மலம், 4 அல்லது 5-ம் நாளில் மஞ்சளாக மாற வேண்டும்.

சேனை வேண்டாம்

பிறந்ததும் சேனை வைப்பதாக சர்க்கரைத் தண்ணீர், தேன் கொடுப்பது கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். முதல் நாளில் குழந்தையின் வயிறு மிகச் சிறியது. அதற்கு சில சொட்டு சீம்பாலே போதும். நோய் எதிர்ப்பு சக்தியும் அதில்தான் இருக்கிறது. பகலும் இரவுமாக 8 முதல் 12 தடவை பால் கொடுக்கலாம். 6 மாதம் வரை தண்ணீர்கூட தேவையில்லை.

மஞ்சள் காமாலை

2 அல்லது 3-ம் நாளில் முகம் லேசாக மஞ்சளாவது நிறைய குழந்தைகளுக்கு வரும். இரண்டு வாரத்தில் தானாக மறையும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். காமாலை முற்றினால் மூளையைப் பாதிக்கும்.

"வெயில்ல காட்டினா சரியாயிடும்" என்று பலர் சொல்வார்கள். 1956-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஜீன் வார்டு என்ற நர்ஸ், வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைவதை கவனித்துச் சொன்னார். அதில் இருந்து பிறந்ததுதான் இன்று ஆஸ்பத்திரியில் கொடுக்கும் நீல விளக்கு சிகிச்சை. எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணி நேரம் என்று ரத்தப் பரிசோதனை செய்துதான் முடிவு செய்வார்கள். முற்றிய காமாலைக்கு வாசல் வெயில் போதாது.

காற்றும் குளிரும்

ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வீசும் காற்று தோவாளைக்காரர்களுக்கு புதிதல்ல. பச்சிளம் குழந்தையின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்து விடும். தலையையும் பாதத்தையும் மூடி வையுங்கள். எடை குறைந்த குழந்தையை தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து வைப்பது நல்லது. இதற்கு 'கங்காரு பராமரிப்பு' என்று பெயர். 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டில் தொடங்கிய முறை இது. அப்பா, பாட்டியும் இப்படி வைத்துக் கொள்ளலாம்.

தொப்புளில் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் போட வேண்டாம். காய்ந்து ஒன்று, இரண்டு வாரத்தில் தானாக விழும். மூக்கில், காதில் எண்ணெய் விடுவதும், மார்பை அழுத்தி பால் எடுப்பதும், சாம்பிராணி புகை காட்டுவதும் கூடாது. பூ கட்டி விட்டு வந்தால், கையை சோப்பு போட்டுக் கழுவிய பிறகே குழந்தையை தூக்குங்கள்.

பயப்பட வேண்டாதவை

தும்மல், விக்கல், திடீர் சத்தத்துக்கு கையை விரித்து பதறுவது எல்லாம் சாதாரணம். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் சொட்டு ரத்தம் படுவதும் பெரும்பாலும் அப்படித்தான். குழந்தைக்கு 20 முதல் 30 சென்டி மீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. அம்மாவின் குரலும் தெரியும். அதனால் பேசிக்கொண்டே பால் கொடுங்கள். முகம் பார்த்து சிரிக்க சுமார் 6 வாரம் ஆகும்.

இதெல்லாம் ஆபத்து

* பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது
* வலிப்பு
* நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது
* காய்ச்சல், அல்லது உடம்பு சில்லிடுவது
* தொப்புளைச் சுற்றி சிவப்பு, சீழ்
* உள்ளங்கை, கால் மஞ்சளாவது

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கை வைத்தியமும் வேண்டாம். 108-க்கு போன் போடுங்கள். நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. வழியில் குழந்தையை நெஞ்சோடு அணைத்து சூடாக வைத்திருங்கள். குடிக்க முடிந்தால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

வீட்டுக்கு வரும் கிராம சுகாதார நர்சிடம் சந்தேகத்தை தயங்காமல் கேளுங்கள். 45-ம் நாள் போட வேண்டிய தடுப்பூசியையும் மறந்து விடாதீர்கள்.