உஷார்! விசா இல்லாத தாய்லாந்து வேலை மியாவாடியில் கொண்டுபோய் விடும்

“தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலை, விசாவே தேவையில்ல, டிக்கெட்டும் நாங்களே போடுறோம்” என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் யாராவது பேசியிருக்கிறார்களா? பெட்டி கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

விசா தேவையில்லை என்று தாய்லாந்து அறிவித்தது உண்மைதான். 2023 நவம்பரில் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்க அனுமதித்தது. 2024 ஜூலையில் அதை 60 நாளாக்கியது. ஆனால், அது ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான சலுகை. சம்பளத்துக்கு வேலை பார்க்கத் தனி விசாவும் அனுமதியும் வேண்டும். இதைச் சொல்லாமல் மறைத்துத்தான் ஏஜென்ட் ஆள் பிடிக்கிறான்.

பாங்காக்கில் இறங்கியதும் கார் காத்திருக்கும். சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி மே சோட் என்ற எல்லை ஊர். அங்கே ஓடும் மோய் ஆற்றுக்கு அக்கரையில் மியான்மரின் மியாவாடி. கள்ளத்தனமாக ஆற்றைத் தாண்ட வைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, காவல் போட்ட வளாகத்துக்குள் அடைத்துவிடுவார்கள். பெண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் காதல் பேசி, கிரிப்டோவில் பணம் போட வைப்பதுதான் வேலை. மறுத்தால் அடி, உதை. விடுவிக்க லட்சக்கணக்கில் கேட்பார்கள். தப்பி வந்தாலும், அனுமதியின்றி எல்லை தாண்டிய குற்றம் பிள்ளையின் தலையில்தான் விழும்.

வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. அடுத்த மாதமே தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் அங்கிருந்து மீட்கப்பட்டு சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்கள் அழைத்து வந்தன. அத்தோடு முடிந்ததா? அதே ஆண்டு நவம்பரில் இன்னும் 270 பேருக்கு மேல்! இத்தனைக்குப் பிறகும் பிள்ளைகள் ஏமாறுகிறார்களே என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

பட்டம் வாங்கிவிட்டு, காபித் தோட்ட வேலையை விட்டால் வேறு வழி தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் ஏற்காட்டு மலையிலும் உண்டு. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் கூடும்போது, ஊர்ப் பெரியவர்களே, இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஏஜென்ட்டிடம் பதிவு எண் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அதைச் சரிபாருங்கள். எண் தராமல் மழுப்பினால் பணமும் கொடுக்காதீர்கள், பாஸ்போர்ட்டும் கொடுக்காதீர்கள். பிள்ளை ஏற்கெனவே பாங்காக் போய்ச் சேர்ந்திருந்தால், மே சோட் போகும் காரில் ஏறவே வேண்டாம், நேராக அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போகச் சொல்லுங்கள். இப்போதே போன் போடுங்கள்.