நெசவாளன் பெயர் தாங்கியோர்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இரு கூறாகப் பகுத்தனர் நம் இலக்கண நூலார். காரணம் பற்றித் தோன்றிய பெயரும், அக்காரணம் நீங்கியபின் வெறும் இடுகுறிபோல் நின்று வழங்குதல் உண்டு. இதற்கு மக்கட்பெயரிலிருந்து சான்று வேண்டுவோர் ஜேர்மானியரின் குடும்பப் பெயர்களை நோக்குதல் தகும். அந்நாட்டில் மிகப் பெருவழக்காயுள்ள ஐந்து குடும்பப் பெயர்கள் முல்லர், ஷ்மித், ஷ்னைடர், பிஷர், வேபர் என்பன. மாவரைப்பவன், கொல்லன், தையற்காரன், மீனவன், நெசவாளன் என்பன முறையே அவற்றின் பொருள்கள். அரசரும் பிரபுக்களும் அல்லர்; கைத்தொழிலாளரே ஒரு பெருநாட்டின் பெயர்ப் பட்டியலில் முன்வரிசை பெற்றுள்ளனர்.

இவற்றுள் வேபர் என்னும் பெயரொன்றையே யான் ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். நெய்தலைக் குறிக்கும் வினையடியோடு வினைமுதற்பொருள் தரும் விகுதி சேர்ந்து ஆகியது அச்சொல். இடைக்காலத்திலே ஐரோப்பிய நகரங்கள் பெருகியபோது ஒரே பெயருடையார் பலராயினர். நெய்கின்ற ஹான்ஸ், கொல்லுலை வைத்த ஹான்ஸ் என அவர்களைத் தொழிலால் வேறுபடுத்தி அழைத்தனர். பின்னர் அவ்வடைமொழி தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கிக் குடும்பப் பெயராய் நிலைத்தது. மைந்தன் தறியை விட்டு அப்பம் சுட்டு விற்கப் போயினும் வேபர் வேபரே.

அப்பெயர் தொடக்கத்தில் மதிப்புடைய பெயராய் இருந்தது என்று எண்ணற்க. லினன் நெய்வோரைப் பல ஊர்களில் மானமற்ற தொழிலினர் என ஒதுக்கி வைத்தனர். அவர்தம் பிள்ளைகளைப் பிற தொழிற்சங்கங்கள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அவ்வாறு ஒதுக்குதல் தகாது என 1548ஆம் ஆண்டிலே பேரரசின் சட்டமே விதிக்க வேண்டியதாயிற்று. சட்டம் பிறந்த அன்றே வழக்கம் மாறிவிடவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இத்தகைய பெயரைத் தாங்கி வந்தோர் பிற்காலத்தில் எய்திய நிலைகளைச் சிறிது காண்போம்.

அறிவுலகில் வேபர்கள்

விற்றன்பேர்க் நகரிலே இறையியற் பேராசிரியர் ஒருவருக்குப் பிறந்த சகோதரர் இருவர் விஞ்ஞான உலகிற் புகழ் பெற்றனர். மூத்தவர் ஏர்ன்ஸ்ற் ஹைன்றிக் வேபர் (1795 - 1878). சிறு சுமை ஏந்தியவன் அதனோடு சேர்ந்த சிறிது பாரத்தையும் உடனே உணர்வான். பெருஞ்சுமை ஏந்தியவனுக்கு அதே பாரம் தெரிவதில்லை. வேறுபாட்டை உணர்வதற்கு வேண்டிய அளவு, முன்னிருந்த அளவுக்கு ஏற்ற விகிதமாகவே இருக்கும் என அவர் சோதனையாற் காட்டினார். உளநூலார் இதனை வேபர் விதி என்பர்.

இளையவர் வில்ஹெல்ம் வேபர் (1804 - 1891). இவர் கேற்றிங்கன் பல்கலைக்கழகத்திலே கணிதமேதை கவுசுடன் சேர்ந்து 1833இல் மின்தந்தி ஒன்றை அமைத்தார். ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம் அதனாற் செய்தி சென்றது. நான்கு ஆண்டுகள் கழிந்தபின் ஹனோவர் மன்னன் நாட்டின் அரசியலமைப்பை நீக்கியபோது, அதனைக் கண்டித்துப் பேராசிரியர் எழுவர் கையொப்பமிட்டனர். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிறிம் சகோதரரும் வேபரும் அவ்வெழுவருட் சேர்ந்தவர். எழுவரும் பதவி இழந்தனர். மன்னன் பெயரை இன்று நினைப்பார் சிலரே. காந்தப் பாயத்தின் அலகுக்கோ வேபர் என்பதே பெயர். பௌதிகம் பயிலும் நம் மாணவர் அதனை நாள்தோறும் எழுதுகின்றனர்.

இசையுலகிலே கார்ள் மரியா வொன் வேபர் (1786 - 1826) விளங்கினார். 1821இல் பேர்லினில் அரங்கேறிய அவரது 'பிறைஷுட்ஸ்' என்னும் இசைநாடகம் ஜேர்மன் இசைக்குப் புதுநெறி வகுத்தது. 'வொன்' என்பது பிரபுக்குடியைக் காட்டும் ஒட்டு. அதனை உரிமையின்றியே சேர்த்துக்கொண்டவர் அவர் தந்தையார். நெசவாளன் பெயருக்கு முன்னே பிரபுவின் அடையாளத்தை ஒட்டியதில் ஒரு கூச்சமும் தெரிகின்றது. ஓர் ஆசையும் தெரிகின்றது.

வடமொழி ஆராய்ச்சியிற் சிறந்தவர் அல்பிறெக்ற் வேபர் (1825 - 1901). சுக்கில யசுர் வேதத்தைப் பதிப்பித்த அவர், அதன் சூத்திர நூலையும் பதிப்பித்தார். சூத்திரம் என்னும் வடசொல்லுக்கு இழை என்பதும் பொருள். தமிழில் நூல் என்னும் ஒரு சொல்லே இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவாய் நிற்றலை நாம் அறிவோம். நூற்பெயர்க்குக் காரணம் கூறப் புகுந்த பவணந்தியாரும் பஞ்சிலிருந்து இழை நூற்றலையே உவமையாக்கினார். நெசவாளன் என்ற பெயருடைய ஒருவர் நூலை ஆராய்ந்தது தற்செயலே. எனினும் எண்ணுந்தோறும் இன்பந் தருவது.

சமூகவியலின் தந்தையருள் ஒருவராகிய மாக்ஸ் வேபரிடத்தில் (1864 - 1920) அப்பெயர் தன் பழைய தொழிலை மீளச் சந்தித்தது. அவர் பாட்டனார் பீலபெல்ட் நகரில் லினன் வணிகர். மாக்ஸ் வேபர் 1908ஆம் ஆண்டிலே ஏர்லிங்ஹவுசன் என்னும் ஊரில் உறவினர்க்குரிய நெசவாலைக்குச் சென்று, தொழிலாளரின் உழைப்பும் விளைவும் எவ்வெக்காரணங்களால் வேறுபடுகின்றன என ஆராய்ந்தார். 1904, 1905ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், தொழிலைக் குறிக்கும் 'பெரூஃப்' என்ற ஜேர்மன் சொல் அழைப்பு என்னும் பொருளையும் உட்கொண்டது என்று விளக்கினார். இறைவன் விடுத்த அழைப்பே தொழில் என்னும் கருத்து லூதரின் வேத மொழிபெயர்ப்பிலிருந்து பரவிற்று என்பது அவர் துணிபு.

தறியை விடாதவர்

பெயரிலன்றி வாழ்விலே நெசவாளராய் இருந்தோர் நிலை யாது? சைலீசியாவின் மலைச்சாரற் கிராமங்களில் குடிசைத்தறிகளை நம்பியிருந்தோர் இயந்திரத் துணியோடு போட்டியிட மாட்டாது நலிந்தனர். முதலாளிகள் கூலியை மேலும் குறைத்தனர். பெருஞ்செல்வனுக்கு ஒரு காசின் குறைவு தோன்றாது. ஏழைக்கு அஃது ஒரு வேளை உணவு. 1844ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பிரசியப் படையின் துப்பாக்கிக்குப் பதினொருவர் இரையாயினர்.

நெசவாளர் ஒருவரின் பேரனாகிய கேர்ஹாற் ஹவுப்ற்மான் இத்துயரை 1892இல் நாடகமாக்கினார். நாடகத்தின் பெயரும் 'வேபர்' என்பதே. ஆண்டு 'நெசவாளர்கள்' எனப் பன்மைப்பொருள் தரும். தனித்தலைவன் ஒருவனின்றி ஒரு கூட்டமே தலைமை தாங்குவது அதன் புதுமை. பேர்லின் பொலிசார் பொது மேடையில் அதனைத் தடுத்தனர். நீதிமன்றம் தடையை நீக்க, 1894இல் அது பொது அரங்கேறிற்று. காரணப்பெயராய் நின்ற வேபர் துன்புற்றதையும், இடுகுறியாய் நின்ற வேபர் உயர்ந்ததையும் ஒருங்குவைத்து நோக்கினால், உயர்வு பெயரால் வந்ததன்று. தறியினின்று விலகிக் கல்வி கற்க வழி கிடைத்தமையால் வந்தது என்பது புலனாகும்.

நம் நாட்டிலும் அப்பெயர்

இப்பெயர் நம் நாட்டிலும் வழங்குகின்றது. மட்டக்களப்பு நகரின் வெபர் விளையாட்டரங்கை அறியாதார் கிழக்கிலே இலர். அமெரிக்காவிலிருந்து வந்து அந்நகர் இளைஞரை விளையாட்டுத்துறையிற் பயிற்றிய இயேசு சபைத் துறவி ஹரோல்ட் வெபர் அடிகளாரின் நினைவாக அமைந்த பெயர் அது. அங்கிருந்து தெற்கே சென்றால் கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை வரும். அவ்வூர்த் தறிகளுக்கும் அரங்கின் பெயருக்கும் பொருளால் உறவுண்டு என்பதை அங்கு பந்து விளையாடும் பிள்ளைகளுள் எவர் அறிவார்?

அறியாமையால் அவர்களுக்கு ஓர் இழப்புமில்லை. யான் கவல்வது பிறிதொன்று பற்றி. நமக்கு வழிவழி வரும் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரே முன்னிற்கும். ஆயின் பெயரில் இல்லாத தொழிலைப் பிறப்பிலே ஒட்டிவைத்தோம். ஜேர்மானியன் பெயரைப் பற்றிக்கொண்டு தொழிலை விட்டான். நாமோ தொழிலை விட்டவனையும் அவன் பாட்டனார் தொழிலால் அளக்கின்றோம். பள்ளியிற் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளையை நோக்கி, 'எவ்விடத்துப் பிள்ளை, யாருடைய பேரன்?' எனச் சிலர் வினவும்போது, அவ்வினாவின் உட்கிடை அன்பு மாத்திரமன்று.

வள்ளுவனார் நெசவுசெய்து வாழ்ந்தார் என்பது செவிவழிக் கதை. கதையே ஆயினும் அதனைப் பெருமையோடு மேடைகளிற் கூறுகின்றோம். அவர் குறளைக் கார்ள் கிரவுல் என்னும் ஜேர்மானியர் 1856இல் தம் மொழியிற் பெயர்த்தளித்ததையும் சொல்லி மகிழ்கின்றோம். மேடையிற் போற்றும் தறியை அயல்வீட்டில் இழிவென்று கருதுவோமாயின் அப்போற்றுதலாற் பயன் யாது? பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் எழுதும் ஆசிரியர் அப்பெயருக்குப் பின்னே காரணந் தேடாதிருத்தல் வேண்டும். பெயர் இடுகுறியாகவே நிற்க. அதற்குரிய காரணத்தை அப்பிள்ளை தன் வாழ்வாலே பின்னர் உண்டாக்கிக்கொள்ளும்.