கடையில் இருப்பவை குஞ்சுகள்

தொட்டி வந்துவிட்டது, அடுத்து மீன். சென்னைக்காரர் என்றால் கொளத்தூர் கடைகளுக்குக் கிளம்பியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இன்றே மீன் விடக் கூடாதா? கூடாது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா (மீனின் செவுளைப் புண்ணாக்கும் நச்சு) சேரும். அதைத் தின்று தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். புதுத் தொட்டியில் தண்ணீர் பளிங்குபோல் இருந்தும் மீன் சாவது இதனால்தான்.

வெறும் தண்ணீரை ஓடவிட்டால் போதுமா? போதாது, அந்த நுண்ணுயிர்களுக்கும் சாப்பாடு வேண்டும். தினம் ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டு வாருங்கள். மீன் வளர்க்கும் நண்பர் இருந்தால், அவருடைய ஃபில்டரிலிருந்து பழைய பஞ்சு ஒரு துண்டு கேளுங்கள். அழுக்காக இருக்கிறதே என்று கழுவிவிடாதீர்கள், வேண்டியதே அந்த அழுக்குதான்.

எத்தனை மீன் விடலாம்? 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி 56 லிட்டர் கொள்ளும். கல், மேல் இடைவெளி போக நிற்பது சுமார் 45 லிட்டர். சின்ன இனங்களில் பத்துப் பன்னிரண்டு மீன் தாராளம்.

சின்ன இனம் எது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் குஞ்சுகள். ‘ஷார்க்’ என்று விற்கும் வெள்ளி மீன் சுறாவே அல்ல, மெக்காங் ஆற்றுக் கெளுத்தி. வளர்ந்தால் ஒரு மீட்டர் தாண்டும். ஓட்டலில் ‘பாசா’ என்று தட்டில் வருவதும் பெரும்பாலும் இதுதான். ஆஸ்கர் ஓர் அடி வளரும். ‘அழுக்கைத் தின்னும்’ என்று கையில் திணிக்கப்படும் சக்கர் மீனும் ஓர் அடியைத் தாண்டும், தின்னும் அழுக்கைவிடப் போடும் கழிவுதான் அதிகம். கோல்ட் ஃபிஷ்? கண்ணாடிக் கிண்ணத்தில் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது சாணளவுக்கு மேல் வளரும், குளிர்ந்த நீர் விரும்பும், நிறையக் கழிவு போடும். 2 அடித் தொட்டிக்கு ஆகாது. கடைக்காரரிடம் விலைக்கு முன் கேட்க வேண்டியது, “இது எவ்வளவு பெருசா வளரும்?”

பெரிதானால் ஏரியில் விட்டுவிடலாமே என்கிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். அப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி? வாளியில் வெள்ளை உப்புப் படிகிறதென்றால் அது கடின நீர் (சுண்ணாம்புச் சத்து மிகுந்தது). கவலை வேண்டாம், கப்பி, மோலி, பிளாட்டி மீன்கள் மூன்றுக்கும் அதுவே பிடிக்கும். அமேசான் பக்கத்து நியான் டெட்ரா மென்னீர் மீன், அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். குழாயில் வருவது குளோரின் போட்ட நீர் என்றால், குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கடையிலேயே கிடைக்கும்.

கப்பியில் ஆண் மட்டும் வாங்குங்கள். பெண் ஒன்றை மட்டும் வாங்கினாலும், ஏற்கெனவே சேர்ந்திருந்தால் மாதக் கணக்கில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

யாரை யாரோடு விடக் கூடாது? ஃபைட்டர் மீனில் ஆண்கள் இரண்டைச் சேர்த்தால் சண்டை ஒன்று சாகும்வரைகூடப் போகலாம். டைகர் பார்ப் நீண்ட வால், துடுப்புகளைக் கடித்துக் குதறும், ஏஞ்சல் மீனும் கப்பியும் அதனிடம் படாதபாடு படும். ஏஞ்சலோ வளர்ந்தபின் நியானை விழுங்கும்.

என்னைக் கேட்டால், முதலில் ஆறு ஜீப்ரா மீன்கள். தெம்பானவை, கூட்டமாக இருந்தால்தான் மிரளாது. இரண்டு வாரம் கழித்து நான்கைந்து ஆண் கப்பிகள். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டால் நுண்ணுயிர்களால் ஈடுகொடுக்க முடியாது.

வாங்கும்போது அந்த மீனை மட்டும் பார்க்காதீர்கள், அது இருக்கும் தொட்டியையும் பாருங்கள். ஒரு மீன் செத்து மிதந்தாலோ, உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அந்தத் தொட்டியில் எதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் ஊற்றி, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் செடிக்குப் போகட்டும். அன்று முழுக்க விளக்கைப் போடாதீர்கள், தீனியும் மறுநாள்தான்.