காஞ்சி: சமயங்களும் சாம்ராஜ்யங்களும் சந்தித்த நகரம்

முக்தி தரும் நகரங்கள் ஏழு என்று புராணங்கள் போற்றும் வரிசையில் தென்னாட்டுக்குரிய ஒரே க்ஷேத்திரமாகிய காஞ்சிபுரம், சைவத்துக்கும் வைஷ்ணவத்துக்கும் மாத்திரமன்றி, பௌத்தத்துக்கும் ஜைனத்துக்கும் பல நூற்றாண்டுகள் உறைவிடமாக விளங்கிற்று. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இங்கே பௌத்த மடங்களோடு தேவாலயங்களும் ஜைனத் துறவிகளும் நிறைந்திருந்ததாக எழுதியிருக்கிறார். திருப்பருத்திக்குன்றத்து ஜைன ஆலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

பல்லவர் தலைநகராய் இருந்த அக்காலத்தில் அரசியலும் பக்தியும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன. கி.பி. 642-ஐ ஒட்டி முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் வாதாபியை வென்று அழித்தான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனோ, பழிக்குப் பழி வாங்காமல், பல்லவன் இராஜசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் ஆலயத்தின் செல்வத்தைக் கண்டு வியந்து, அதனை இறைவனுக்கே திருப்பி அளித்து, அச்செய்தியை அக்கோயில் தூணிலேயே கன்னடத்தில் பொறித்து வைத்தான். வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றிலோ, பல்லவ வம்சத்தின் சரித்திரமே சிற்ப வரிசையாக நிற்கிறது.

பின்னர் சோழரும் விஜயநகர வேந்தரும் ஆண்டனர். 1509-இல் கிருஷ்ணதேவராயர் ஏகாம்பரநாதருக்கு ராஜகோபுரம் எழுப்பினார். வம்சங்கள் மாறினும், வென்றவர் பலரும் இந்நகரின் தெய்வங்களை வணங்கியே தம் ஆட்சிக்குப் பெருமை தேடினர் என்பதே காஞ்சியின் மெய்யான மகிமை.