டி.என்.ஏ.வின் ஓர் இழை மட்டும் ஏன் துண்டு துண்டாக நகலாகிறது?

செல் பிரியுமுன் டி.என்.ஏ. நகலாக வேண்டும். ஹெலிகேஸ் நொதி முறுக்கேணியை ஜிப்பைத் திறப்பதுபோல் இரண்டாகப் பிரிக்கிறது. பிரிந்த இழைகள் எதிரெதிர்த் திசை கொண்டவை. புது இழையைக் கட்டும் டி.என்.ஏ. பாலிமரேஸோ ஒரே திசையில்தான் கட்டும். சிக்கல் இங்கேதான். பாலிமரேஸால் தானாகத் தொடங்கவும் முடியாது; பிரைமேஸ் நொதி ஓர் ஆர்.என்.ஏ. துணுக்கை வைத்துத் தர வேண்டும்.

ஆகவே ஓர் இழையில் வேலை தடையின்றி ஓடுகிறது. மற்றதில், ஏணி திறக்கத் திறக்க, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கிப் பின்னோக்கிக் கட்ட வேண்டும். பாக்டீரியாவில் ஒரு துண்டு சுமார் 1,000 முதல் 2,000 எழுத்து நீளம். பிறகு ஆர்.என்.ஏ. நீக்கப்பட்டு, இடைவெளி நிரப்பப்படும். லிகேஸ் நொதி ஒட்டும்.

இதைக் கண்டது எப்படி? 1960களில் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி, சுனேகோ ஒகசாகி தம்பதியர் பாக்டீரியாவுக்கு, டி.என்.ஏ.வில் சேரும் கதிரியக்கத் தைமிடினைச் சில நொடிகளே கொடுத்தனர். அப்போது உருவான டி.என்.ஏ. குட்டித் துண்டுகளாகவே கிடைத்தது. எவ்வளவு எளிய, அழகான சோதனை! நேரம் கூடியபோது அத்துண்டுகள் நீள இழையோடு சேர்ந்திருந்தன. பாக்டீரியாவைத் தாக்கும், லிகேஸ் பழுதான வைரஸிலோ துண்டுகள் ஒட்டாமல் குவிந்தன.

ஹிரோஷிமாவில் பிறந்த ரெய்ஜி 1975இல், 44 வயதில், ரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஆய்வைச் சுனேகோ தொடர்ந்தார். அத்துண்டுகளுக்கு இன்றும் ஒகசாகி துண்டுகள் என்றே பெயர்.