மட்கிக்கு முளை வந்ததா?

மும்பையில் தாதர் ஸ்டேஷனை ஒட்டிய காய்கறிச் சந்தையில், கீரைக்கட்டுகளுக்கு நடுவே முளைவிட்ட பயறுகளைக் கூடையில் குவித்து வைத்து விற்பார்கள். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, வால் எனப்படும் அவரை இனக் கொட்டை, இவற்றோடு மட்கி. நம் ஊரில் நரிப்பயறு என்று சொல்லப்படும் அதே மட்கிதான். தமிழ்நாட்டில் அதை அதிகம் பேர் சமைப்பதில்லை. மும்பையிலோ மராட்டியப் பயறு உணவுகளான உசல் என்றாலும் மிசல் என்றாலும் முளைவிட்ட மட்கிதான் முதலில் நினைவுக்கு வரும். 2015இல் லண்டனில் நடந்த ஒரு விருது விழாவில், உலகின் மிகச் சுவையான சைவ உணவு என்ற பெயரைத் தாதர் ஆஸ்வாத் உணவகத்தின் மிசல் பாவ் பெற்றது. மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்ச் சமையலறைகளிலும் மட்கி எப்போதோ நுழைந்துவிட்டது.

பயறு முளைகட்ட நிலம் வேண்டாம், உரம் வேண்டாம், வெயில்கூட வேண்டாம். தாராவியின் ஒற்றை அறை வீட்டிலும் ஒரு கிண்ணமும் கிழிந்த வேட்டித் துணியும் இருந்தால் போதும். பயறைக் கழுவி இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் குழாயில் தண்ணீர் வரும்போது ஊறிய நீரைக் கொட்டி, நல்ல தண்ணீரில் அலசி, ஒட்ட வடித்து, ஈரத் துணியில் முடிந்து தொங்கவிட வேண்டும். மாலையில் மறுபடி ஓர் அலசல். மும்பையின் வெப்பத்தில் மறுநாளே வெள்ளை முளை தலைகாட்டும். மறந்தும் தண்ணீர் தேங்க விடக்கூடாது. முளைக்கும் விதை நம்மைப் போலவே மூச்சு விடுகிறது; நீரில் மூழ்கினால் காற்றில்லாமல் அழுகும்.

காய்ந்த பயறுக்குள் இருப்பது உறங்கும் செடி. அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். அந்த வறட்சியில் எந்த வேதிவினையும் பெரிதாக நடக்காது. ஊறும்போது நீர் உள்ளே புகுந்ததும் நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. மாவுச்சத்து சர்க்கரையாகவும் புரதம் அமினோ அமிலங்களாகவும் உடைந்து, வளரும் முளைக்கு உணவாகின்றன. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளையும் விதை அப்போது செலவழித்துவிடுகிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் நம் உடலுக்குக் கிடைக்காமல் பிடித்துவைக்கும் ஃபைடிக் அமிலமும் குறைகிறது. முளைகட்டிய பயறு எளிதில் செரிக்கும் என்று பாட்டிமார் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

ஆனால் முளைகட்டினால் புரதம் பல மடங்காகும் என்று சொல்வது தவறு. வெளியிலிருந்து வருவது தண்ணீர் மட்டுமே. மூச்சு விடுவதற்காக விதை தன் சேமிப்பைக் கொஞ்சம் எரிக்கிறது. ஆகவே உலர் எடை குறையத்தான் செய்யும். 100 கிராம் காய்ந்த பச்சைப்பயறில் 24 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. கடைகளில் விற்கும் நீண்டு வளர்ந்த முளையில் அதே எடைக்கு 3 கிராம்தான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். விதை புதிதாக உண்டாக்குவது வேறொன்றை: வைட்டமின் சி. காய்ந்த பயறில் அநேகமாக இல்லாத அது, நீண்ட பச்சைப்பயறு முளையில் 100 கிராமுக்கு 13 மில்லிகிராம் வரை இருக்கும்.

இது தெரியவந்த கதையில் பம்பாய்க்கும் இடமுண்டு. முதல் உலகப் போரில், 1914 அக்டோபரில் இங்கிருந்து கப்பலேறிய இந்தியப் படை மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்குப் போனது. அங்கே காய்கறி கிடைக்காத இந்தியச் சிப்பாய்களை ஸ்கர்வி நோய் வாட்டியது: ஈறு வீங்கி ரத்தம் கசியும், மூட்டுகள் நோகும், பழைய புண் திறந்துகொள்ளும். அவர்களின் ரேஷனில் பருப்பு இருந்தது, ஆனால் காய்ந்த பருப்பு. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக், மரியன் டெல்ஃப் என்ற விஞ்ஞானிகள் காய்ந்த விதையையும் முளைவிட்ட விதையையும் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதரைப் போலவே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சியைத் தானாக உண்டாக்க வராது. ஸ்கர்வியைத் தடுக்கும் ஆற்றல் முளைவிட்ட விதையில் இருப்பதை 1919இல் அவர்கள் வெளியிட்டார்கள். வைட்டமின் சியை அப்போது யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. மூட்டையில் இருக்கும் பருப்பை முழுசாக, தோலோடு அனுப்பி, நனைத்து முளைகட்டிக் கொடுத்தால் பாலைவனத்திலும் காய்கறிக்கு ஈடு கிடைக்கும் என்பது எத்தனை பெரிய கண்டுபிடிப்பு! உடைத்த பருப்பு முளைக்காது என்பதால் தோலோடு என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

மட்கியை முளைகட்டும்போது சில மணிகள் எவ்வளவு ஊறினாலும் கல்லாகவே கிடக்கும். நீர் புகாத தோல் கொண்ட அவை கெட்டுப்போன விதைகள் அல்ல. ராஜஸ்தானின் வறண்ட மணலில் விளையும் பயிர் இது. ஒரே ஒரு மழையை நம்பி எல்லா விதையும் முளைத்துக் கருகிவிடாமல், சில அடுத்த மழைக்குக் காத்திருப்பதால் அந்த இனம் பிழைக்கிறது. பல்லைப் பதம்பார்க்கும் என்பதால் நாம் பொறுக்கி எறிகிறோம். எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பயறுக்குப் பிடித்த ஈரமும் வெதுவெதுப்பும் பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். 2011இல் ஜெர்மனியில் ஒரு கொடிய இ. கோலை வகை பரவி ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் குற்றம் சொன்னார்கள். கடைசியில் விசாரணை போய் நின்றது, எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை முளைகட்டிய இடத்தில். விதையின் மேல் ஒட்டியிருக்கும் சில கிருமிகள் இரண்டு மூன்று நாளில் கோடிகளாகப் பெருகிவிடும். வீட்டில் சுத்தமாகத்தானே செய்கிறோம் என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. கிருமி விதையோடேயே வந்திருக்கலாம்.

செம்பூருக்கு அடுத்த டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் இதற்கு ஒரு வழி தேடினார்கள். பச்சைப்பயறு, மட்கி, கொண்டைக்கடலை, பட்டாணி முளைகளில் சால்மொனெல்லா, லிஸ்டீரியா கிருமிகளைச் சேர்த்து, காமா கதிரைச் செலுத்திச் சோதித்தார்கள். 2 கிலோகிரே என்ற கதிர் அளவுக்குள் அவை ஒழிந்தன. லாசல்காவ் வெங்காயம் முளைக்காமலிருக்கக் கதிர் பாய்ச்சுவதைக் கேள்விப்பட்டிருப்போம். இங்கே முளைத்ததைக் காப்பதற்கு.

வீட்டில் நமக்குக் கதிர் வேண்டாம், அடுப்பு போதும். மராட்டிய வீடுகளில் மட்கியைப் பெரும்பாலும் பச்சையாகத் தின்பதில்லை, உசலாக வேகவைக்கிறார்கள். எனக்கு அதுவே சரியான வழியாகப் படுகிறது. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், நோயிலிருந்து மீள்பவர்கள் முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. ராஜ்மாவை முளைகட்டினாலும் யாரும் பச்சையாக உண்ணக்கூடாது; அதிலுள்ள லெக்டின் நச்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். புளித்த வாடையோ வழுவழுப்போ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டு மழையில் இது இன்னும் முக்கியம்.

நான் செய்வது இப்படி: கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் வதக்கி, மட்கியைப் போட்டு மஞ்சளும் உப்பும் சேர்த்து, மூடி போட்டு, ஆவி நன்றாகப் பறக்கும்வரை வேகவிட்டு, தேங்காய் தூவி இறக்குவது. நம் சுண்டலும் அவர்கள் உசலும் சேர்ந்த பண்டம். வெந்ததில் வைட்டமின் சி கொஞ்சம் போயிருக்கும். தட்டில் போட்ட பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் அது திரும்பக் கிடைக்கும். பயறின் இரும்பும் உடம்பில் கூடுதலாகச் சேரும்.