களிம்பு ஆற்றியதா, தோலே ஆறியதா?

கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணி மலைக்குப் போய் முடி காணிக்கை செலுத்தியவர்கள், மொட்டைத் தலையில் சந்தனம் மணக்க பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். கத்தி பட்ட எரிச்சல் ஓரிரு நாளில் மறைந்துவிடும். "எல்லாம் சந்தனத்தின் குளிர்ச்சி!" என்பார்கள். பூசாமல் விட்டிருந்தால் எத்தனை நாள் எரிந்திருக்கும்? அதைப் பார்த்தவர் யார்? பாதித் தலைக்குப் பூசி, பாதியைச் சும்மா விட யார்தான் சம்மதிப்பார்கள்!

களிம்புகளைச் சோதிக்கும் டாக்டர்கள் அதைத்தான் செய்கிறார்கள். தலையில் அல்ல, முன்கையில்.

தோலின் வெளிப்படலம் மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான். உயிரற்ற செல்கள் செங்கல். இடையிலுள்ள கொழுப்பு சாந்து. உடம்பின் நீர் வெளியேறாமலும் கிருமி உள்ளே நுழையாமலும் காப்பது இந்தச் சுவரே. சவரக் கத்தி இதையும் கொஞ்சம் சுரண்டிவிடுகிறது.

சோதனைக்கு வருகிறவர்கள் நோயில்லாதவர்கள். நோயாளியின் தோல் நாளுக்கு நாள் மாறும், கணக்கு குழம்பிவிடும். விஷயத்தை விளக்கி, சம்மதம் எழுதி வாங்கியபின், முன்கையில் ஒரே இடத்தில் பசை நாடாவைப் பலமுறை ஒட்டி உரிக்கிறார்கள். தோல் சிவக்கிறது. வியர்வையாக அல்லாமல் கண்ணுக்குத் தெரியாத ஆவியாக நீர் கசிகிறது. கசிவைக் கருவி அளக்கிறது. ஓரிடத்தில் களிம்பு, பக்கத்து இடத்தில் ஒன்றுமில்லை. மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஒன்றும் பூசாத இடமும் ஆறிவிடுகிறது! இளவயதினருக்கு ஏறக்குறைய மூன்று நாளில் பெரும்பகுதி சரியாகிவிடும், முதியவர்களுக்குத் தாமதமாகும். அந்த வெறும் தோலை ஜெயிக்காத களிம்புக்கு என்ன பெருமை?

சில பூச்சுகள் ஆறுவதைத் தடுக்கவும் செய்யும். தோலின் சாந்தில் செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலம் என மூன்று சரக்கு உண்டு. ஒன்றையோ இரண்டையோ மட்டும் பூசினால் ஆறுவது தாமதமாகிறது என்றும், மூன்றையும் தக்க அளவில் சேர்த்தால் அப்படி இல்லை என்றும் அமெரிக்காவில் பீட்டர் எலியஸ் குழுவினர் 1990களில் கண்டார்கள். மணலை மட்டும் கொட்டினால் சுவர் எழும்புமா?

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஆராய்ச்சியாளர்கள் 19 பேரின் கைகளில் சில வாரம் எண்ணெய் தடவிப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ஆலிவ் எண்ணெய் நல்ல தோலின் சுவரையே பலவீனமாக்கியது. சூரியகாந்தி எண்ணெய் கெடுக்கவில்லை. அந்த நாட்டில் குழந்தைகளின் வறண்ட சருமத்துக்கு இரண்டையுமே சிபாரிசு செய்துவந்தார்கள்!

பெரியவர்கள் கையை நீட்டுவது இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகவும்தான். மாதம் நிறையாமல் பிறக்கும் சிசுவுக்குச் சுவர் இன்னும் கட்டி முடிந்திருக்காது. டாக்கா சிசு ஆஸ்பத்திரியில் அத்தகைய சிசுக்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவினார்கள். ஆஸ்பத்திரியில் தொற்றும் நோய்கள், தடவாத சிசுக்களைவிட அவர்களுக்கு 41 சதவீதம் குறைந்தன என்று 2005இல் அறிவித்தார்கள்.